அரசகரும மொழியும் மொழிபெயர்ப்பாளரும்

விழாவெடுக்கும் கல்லூரி ஒன்று தன் பழமையை எண்ணி மகிழ்தல் இயல்பே. அதனோடு, தான் எப்பணியை மேற்கொண்டு எழுந்ததோ அப்பணி இன்று எந்நிலையில் உள்ளதென்று ஆராய்தலும் அதற்குக் கடனாகும். இந்துக் கல்லூரிகள் தோன்றியமைக்குச் சமயம் ஒரு காரணமாயின், மொழி மற்றொரு காரணமாகும். மிசனரிமாரின் பாடசாலைகளையே நாடி ஆங்கிலங் கற்க வேண்டியிருந்த காலத்தில், சைவச் சூழலில் இருந்தவாறே அம்மொழியைக் கற்கும் வழியொன்றை அமைக்கக் கருதி, ஆறுமுக நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார். அம்முயற்சி பொருள் முட்டுப்பாட்டால் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் அதன் நோக்கமே பின்னெழுந்த இந்துக் கல்லூரிகளின் நோக்கமுமாயிற்று. ஆகவே, எம்மொழியிற் கற்பது, எம்மொழியிற் பணிபுரிவது என்னும் வினா எமது கல்லூரிகளுக்குப் புதியதன்று, அவற்றோடு உடன்பிறந்தது.

அந்நிய ஆட்சியினின்றும் விடுபட்ட நாடுகள் பலவற்றிலும் இவ்வினா அரசியலின் நடுவே வந்து நின்றது. ஆண்டவர் மொழி இருந்த ஆசனத்தில் இனி எம்மொழியை இருத்துவது என்று வாதிட்ட தலைவர்கள் பெரும்பாலும் சட்டத்தையே நம்பினர். சட்டத்தின் ஆற்றலுக்கோ ஓர் எல்லையுண்டு. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதலாம் அரசகரும மொழி எனப் பிரகடனஞ் செய்தது. ஆயினும் அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோரின் நாளாந்த மொழியாக ஆங்கிலமே நிலைத்தது. எமது ஈழநாட்டின் அனுபவமும் இதனையே வேறொரு வகையால் உணர்த்துகின்றது. தமிழுக்கு இன்று முதற்கண் வேண்டப்படுவது மேலுமொரு சட்டம் அன்று. உள்ள சட்டத்தை ஏட்டிலிருந்து அலுவலக மேசைக்குக் கொணரவல்ல மொழிபெயர்ப்பாளர் கூட்டம். அக்கூட்டத்தை உருவாக்குதல் எம்போன்ற கல்லூரிகளின் பணி என்பது எமது துணிபு. அதற்குரிய நியாயங்களை முறையே கூறுவாம்.

முதலிற் சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1944இல் அரசாங்க சபையில் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணை வந்தபோது, வ. நல்லையா அவர்கள் கொணர்ந்த திருத்தத்தால் தமிழும் அதனுட் சேர்க்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நிலை மாறியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கிற்று. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், கல்வியிலும் பரீட்சையிலும் கடிதத் தொடர்பிலும் வடக்குக் கிழக்கு நிருவாகத்திலும் தமிழுக்கு இடந் தருவதாகக் கூறியது. ஆயினும் அதனை நடைமுறைப்படுத்தும் பிரமாணங்கள் 1966ஆம் ஆண்டு வரை வரவில்லை. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 1956ஆம் ஆண்டின் நிலையை நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே பதித்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழி என்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினாலேயே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழி எனப்பட்டது. மறு ஆண்டிற் பதினாறாம் திருத்தம் நிருவாகத்திலும் சட்டவாக்கத்திலும் நீதிமன்றத்திலும் இருமொழிக்கும் உரிய இடங்களை விரித்துரைத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது.

இங்ஙனம் நோக்குமிடத்து, 1988ஆம் ஆண்டிற்குப் பின் தமிழ்மொழி சட்டத்தில் வறியதன்று. 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரைச் சேர்த்துக் காணின் நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்க்கு இம்மொழி உரியது. அவருள் ஒருவர் தம் அரசாங்கத்துக்குத் தமிழில் எழுதவும், விடையைத் தமிழிற் பெறவும் உரிமை உடையவர். நீதிமன்றத்தின் மொழியை அறியாத வழக்காளிக்கு உரைபெயர்ப்புச் செய்விக்கும் பொறுப்பும் அரசினுடையதே. உரிமை இத்துணைத் தெளிவாக இருக்கவும், காணி பற்றியும் ஓய்வூதியம் பற்றியும் வருங் கடிதத்தைக் கையிலேந்தி, சிங்களம் அறிந்த ஒருவரைத் தேடி அலையும் முதியவரை நாம் இன்றுங் காண்கின்றோம். உரிமைக்கும் அவர் கையிலுள்ள கடிதத்துக்கும் இடையே ஒரு மேசை இருக்கின்றது. அம்மேசையில் இருந்து எழுத வேண்டியவர் இல்லை, அல்லது போதிய தொகையினராய் இல்லை.

இக்குறையின் முழு அளவையும் உணர விரும்புவோர் பாராளுமன்றம் இயற்றுஞ் சட்டம் யாதேனும் ஒன்றை எடுத்து அதன் இறுதிப் பிரிவை வாசிப்பார்களாக. சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படுதல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. ஆயினும் இரு வாசகங்களுக்கிடையே முரண்பாடு நேரின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்னும் பிரிவொன்று சட்டங்களின் ஈற்றில் வழமையாகக் காணப்படும். இதன் பொருள் யாது? தமிழ் வாசகத்தை நம்பி ஒருவர் ஒரு காரியத்தைச் செய்கின்றார். அத்தமிழ் வாசகம் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருப்பின், பிழை மொழிபெயர்த்தவருடையதாயினும் நட்டம் வாசித்தவரையே சாரும். அப்பிரிவு நீங்க வேண்டும் என்று வாதிடுதல் முறையே. நாமும் அதனையே வேண்டுகின்றோம். எனினும் அது நீங்கும் வரை, இரு வாசகங்களையும் அருகருகே வைத்து ஒவ்வொரு சொல்லாக ஒப்புநோக்க வல்லவர் எத்தனை பேர் எம்மிடம் உள்ளனர் என்னும் வினாவுக்கு விடை வேண்டும். அப்பிரிவு நீங்கிய பின்னரும், இரு வாசகங்களும் சமநிலை எய்துவதற்கு அவரே வேண்டப்படுவர்.

பொதுவிடங்களிற் காணப்படுந் தமிழ் அறிவித்தல்களின் நிலையைப் பலரும் பேசிச் சிரிக்கின்றனர். பேருந்தொன்றிற் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேல், 'தாய்மார்' என்பது 'நாய்மார்' என எழுதப்பட்டிருந்த செய்தி பத்திரிகைகளில் வந்து பரவியதை அன்பர்கள் அறிவர். அதனைக் கண்டு சினந்தோர், தமிழர்பாற் கொண்ட இகழ்ச்சியின் வெளிப்பாடு அது என்றனர். ஒரோவிடத்து அங்ஙனம் இருப்பினும் இருக்கலாம். ஆயினும் எழுதியவர் தமிழ் எழுத்தை ஓவியம்போற் பார்த்து வரைந்திருப்பின், த என்பதற்கும் ந என்பதற்கும் அவர் கண்ணிற் பெரிய வேறுபாடு தோன்றியிராது. அச்சொல்லை எழுதிய இடத்திலிருந்து பேருந்திற் பொருத்திய இடம் வரை, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரேனும் வழியில் இல்லை என்பதே அங்குத் துயரத்துக்குரியது. இகழ்ச்சியைக் கண்டனத்தால் மாற்ற முயலலாம். வெற்றிடத்தை ஆளைக் கொண்டே நிரப்ப வேண்டும்.

மொழிபெயர்ப்பு எமது நாட்டிற் சிறுதொழிலாகக் கருதப்பட்டமை அண்மைக் காலத்து நிகழ்ச்சியே. பிரித்தானியர் காலத்தில் மொழிபெயர்ப்பு முதலியார் என்பது மதிப்புள்ள பதவி. ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே நின்ற அவரின்றி ஆட்சி ஓர் அடியும் நகராது என்பதை அந்நியர் அறிந்திருந்தனர். நாவலர் பெருமானும் தம் இளமையிற் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர். தம் சமயத்துக்கு மாறான நூலாயினும், தமிழ்ச் சொல்லின் செம்மையை அதன்பொருட்டு அவர் தளர்த்தினாரல்லர். பின்னாளில் அவர் கைவந்த தெளிந்த வசனநடைக்கு அம்மொழிபெயர்ப்பு மேசையும் ஒரு பயிற்சிக் களமாக இருந்ததென நாம் கருதுகின்றோம்.

மானிப்பாயில் வைத்தியர் கிறீன் செய்த பணி இதனினும் வியப்புக்குரியது. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், முதலில் ஆங்கிலத்தில் மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டு, 1860களிற் போதனா மொழியைத் தமிழாக மாற்றினார். தமிழிற் கற்பவன் தமிழ் ஊரிலே தங்கி வைத்தியஞ் செய்வான் என்பது அவர் கணக்கு. அதற்கு நூல் வேண்டுமே என்று மலைத்து நின்றாரல்லர்; மாணாக்கரைத் துணைக்கொண்டு நூல்களை மொழிபெயர்த்தார். 1867இல் அச்சேறிய இரணவைத்தியம் அவற்றுள் ஒன்று. சத்திர சிகிச்சையைத் தமிழிற் கூறலாகுமோ என்னும் ஐயம் எம்மவர் சிலரிடம் இன்றுமுண்டு. அதற்கு மானிப்பாய் விடையிறுத்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

அவ்வழியின் தொடர்ச்சியை விபுலாநந்த அடிகளிடங் காண்கின்றோம். விஞ்ஞானப் பட்டதாரியாகவும் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய அவர், 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். சுயமொழிக் கல்வி இடைநிலை வகுப்புகளுக்கும் உயர்ந்தபோது, அரசகரும மொழித் திணைக்களத்தார் பாடந்தோறுங் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். எமது மாணவர் ஒட்சிசன் என்றும் ஐதரசன் என்றும் காபனீரொட்சைட்டு என்றும் இன்று தடையின்றி எழுதுவதற்குக் காரணம், பெயரறியாத ஆசிரியர் பலர் மாலைவேளைகளில் ஒன்றுகூடி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தமையே. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலைப்பாடங்கள் 1960இற் சுயமொழியிற் கற்பிக்கப்படலாயின. அவ்வகுப்புகளிற் கற்றுப் பெரும் பதவிகளை வகித்தவர் எமது பழைய மாணவருள்ளும் உளர். தாம் ஏறிய ஏணியைச் செய்த தச்சர் யாவரென அவர் ஒருகணம் எண்ணுதல் நன்று.

பிறநாட்டு உதாரணம் ஒன்றும் ஈண்டுக் கருதத்தகும். ஐதராபாத்து நிசாமின் ஆட்சியில், உருது மொழியைப் போதனா மொழியாகக் கொண்ட உசுமானியாப் பல்கலைக்கழகம் 1918இல் நிறுவப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அங்கு மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. முதலில் நூல், பின்னர் வகுப்பு என்னும் அந்த ஒழுங்கே மருத்துவமும் பொறியியலும் உருதுவிற் கற்பிக்கப்படுதற்கு வழிசெய்தது. 1948இல் அவ்விராச்சியம் இந்தியாவோடு இணைந்தபின் ஆங்கிலம் அவ்விடத்தைப் பெற்றது. உருது அங்கு அரசவையின் மொழி; குடிகளிற் பெரும்பாலோரின் மொழியன்று. அரசு மாறவே அப்பெருமுயற்சியைத் தாங்குவார் இலராயினர். இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இரண்டு. மொழிபெயர்ப்பாளரை ஆயத்தஞ் செய்த பின்னரே மொழிக்கொள்கை நடக்கத் தொடங்கும் என்பது ஒன்று. அரசின் ஆதரவை மட்டும் நம்பிய மொழிப்பணி அவ்வரசின் ஆயுளுக்கே உரியது என்பது மற்றொன்று. எமது தமிழைத் தாங்குவதற்கு மக்கள் உளர், பாடசாலைகள் உள, ஆயத்தஞ் செய்தலே குறைவு.

இனி, எமது கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம். சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேண்டின் சிங்களத்தை நன்கு கற்றல் வேண்டும். இதனைக் கேட்டவுடன் மூத்த தலைமுறையினர் நெஞ்சில் ஒரு பழைய புண் நோகும். 1956ஆம் ஆண்டிற்குப் பின் சிங்களத் தேர்ச்சி இன்மையாற் பதவியுயர்வும் சம்பள ஏற்றமும் இழந்தவர்களும், மனமுடைந்து சேவையை விட்டு விலகியவர்களும் எமது ஊர்கள்தோறும் இருந்தனர். சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் அவர்கள் தொடுத்த வழக்கிற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்னும் மூலவினாவுக்கோ முடிந்த விடை கிடைக்கவேயில்லை.

அப்புண்ணை மறக்கும்படி எவரையும் நாம் வேண்டவில்லை. தண்டனையாகத் திணிக்கப்பட்ட மொழியும், தேர்ந்து கற்கும் மொழியும் ஒன்றல்ல என்பதையே கூறுகின்றோம். சிங்களம் அறியாதவன் தனக்கு எதிராக எழுதப்பட்டதையும் அறியான். தமிழ் வாசகத்திற் பிழையுண்டென நிறுவவும் மாட்டான். உரிமையைக் காப்பதற்கே அம்மொழி ஒரு கருவியாகும். 2007ஆம் ஆண்டின் சுற்றறிக்கையொன்று, அரச சேவையிற் புதிதாகச் சேருவோர் மற்றை அரசகரும மொழியிலுங் குறித்த காலத்துள் தேர்ச்சி பெறுதல் வேண்டும் என்று விதித்தது. இக்கடப்பாடு சிங்கள உத்தியோகத்தர்க்கும் உரியது. அவர் தமிழ் கற்க வேண்டும் என நாம் உரத்துக் கேட்பதற்கு, எமது பிள்ளைகள் சிங்களங் கற்றிருத்தல் வலிமை தருமேயன்றிக் குறை தாராது.

இரண்டாவதாக, ஆங்கிலம் ஒன்றே போதும் என்பர். 2001ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கிலமொழி மூல வகுப்புகள் மீண்டுந் தோன்றியுள்ளன. பெற்றோர் அவற்றை விரும்புகின்றனர். ஆங்கிலத்தை நாம் வெறுப்பவரல்லர். ஆங்கிலம் கற்பிக்க எழுந்த கல்லூரியின் மாணவர் அங்ஙனம் வெறுப்பது நன்றியும் ஆகாது. ஆயினும் இணைப்பு மொழி இரு கரைகளையுந் தொட வேண்டும். ஆங்கிலம் எமது நாட்டில் மேல்மாடியில் இருப்போரை இணைக்கின்றது. கமக்காரனுக்கும் பிரதேச செயலகத்துக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் தொழில் நீதிமன்றத்துக்கும், நோயாளிக்கும் அவரைப் பார்க்கும் மருத்துவர்க்கும் இடையே அது பாலமாவதில்லை. அங்குத் தமிழும் சிங்களமும் நேருக்கு நேர் நிற்கின்றன.

மூன்றாவதாக, கணினி நொடிப்பொழுதில் மொழிபெயர்க்கும் இக்காலத்தில் மனிதர் எதற்கு என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று; அக்கருவியைப் பயன்படுத்தாதவன் பின்தங்குவான். ஆயின் அக்கருவி, முன்னர் மனிதர் மொழிபெயர்த்து வைத்தவற்றைக் கற்றே மொழிபெயர்க்கின்றது. நல்ல மொழிபெயர்ப்புகள் குறைந்த இரு மொழிகளுக்கிடையே அதன் கல்வியுங் குறைவாகவே இருக்கும். அன்றியும், சட்டப்பிரிவொன்றில் ஒரு சொல் பிறழ்ந்து ஒருவரது காணி கைமாறுமாயின் கருவியை நீதிமன்றத்துக்கு அழைத்து விசாரித்தல் இயலாது. அதன் வாசகத்தைப் படித்து, இது சரியென்று கையொப்பமிட ஒருவர் வேண்டும். அவர் இரு மொழியும் வல்லவராதல் வேண்டும்.

இத்தகையோர் எங்கிருந்து வருவர்? எமது கல்லூரிகளில் மிகச் சிறந்த மாணவனை மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ அனுப்புதல் மரபாகிவிட்டது. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் மொழியில் விருப்பும் நுண்மையும் உடைய மாணவனிடம், அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சேவை என்று ஒன்றுண்டு, நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் பதவி என்று ஒன்றுண்டு, பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கைநெறி உண்டு என்று எடுத்துரைப்பவர் அரியர். வேறு வழி அடைபட்டவன் ஒதுங்குந் தொழிலாக அதனைக் கருதுவோமாயின், அதன் விளைவைச் சட்டப்புத்தகத்திலும் அறிவித்தற் பலகையிலும் நாமே வாசிக்க நேரிடும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார் சிந்தனைக்கு மூன்று வேண்டுகோளை முன்வைக்கின்றோம். முதலாவது, ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவிற் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் வழங்கும் பரிசிலுக்கு நிகரானதொரு பரிசிலைச் சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்புக்கும் நிறுவுக. இரண்டாவது, உயர்தர வகுப்பு மாணவர்க்கு வாரத்தில் ஒரு மாலை மொழிபெயர்ப்பு வகுப்பொன்று நடைபெறுக. ஒரு வாரம் ஒரு சுற்றறிக்கை, மறு வாரம் ஒரு சட்டப்பிரிவு, அடுத்த வாரம் ஒரு சிறுகதை என்று மாறி மாறிப் பயிற்றுவிக்கலாம். தென்னிலங்கையிற் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்ற எமது அன்பர் பலர்க்குச் சிங்களம் நாவிலே தங்கியிருக்கின்றது. அது வீணே அவரோடு போகாமல் இளையோர்க்குச் சேருக. மூன்றாவது, தென்னிலங்கைக் கல்லூரி ஒன்றோடு இவ்வகையில் உறவு கொள்க. அங்குள்ள மாணவர் தமிழினின்றும் சிங்களத்துக்கும், இங்குள்ளவர் சிங்களத்தினின்றும் தமிழுக்கும் பெயர்த்தனவற்றை ஒருவர்க்கொருவர் அனுப்பித் திருத்திக் கொள்ளலாம். திருக்குறள் சிங்களத்திலும், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' தமிழிலும் ஏற்கெனவே வந்துள்ளன. பகைமை மூண்டிருந்த காலங்களிலும் இவ்வழி முற்றாக அடைபட்டதில்லை.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பரிசில், ஒரு மாலைநேரம், ஓர் ஆசிரியர், சில அகராதிகள் ஆகியனவே தொடக்கத்துக்குப் போதும். பத்தாண்டில் எமது கல்லூரியிலிருந்து பத்துப் பேர் இப்பணிக்குச் சென்றாலும், பத்து அலுவலகங்களில் முதியவர் ஒருவர் தம் கடிதத்தைத் தாமே வாசிப்பார். தமிழுக்குச் சட்டம் ஓர் ஆசனத்தைத் தந்திருக்கின்றது. அவ்வாசனத்தில் அமர்ந்து பணிபுரிய வல்லவரைப் பாராளுமன்றம் இயற்றித் தர இயலாது. அவரைப் பயிற்றி அனுப்புதல் பாடசாலையின் கடன். அதற்குத் துணைநிற்றல் பழைய மாணவராகிய எமது கடன்.